வண்டி ஓட்டும்போது போன்: ப்ளூடூத் வாங்கினால் போதுமா?

வேலை நிமித்தமாக நாள் முழுக்கக் காரிலும், சில நாள் பைக்கிலும் சுற்றுகிற ஒருவர் கேட்ட கேள்வி இது: "போன் வந்தால் எடுக்காமல் இருக்க முடியாது. மேப் பார்க்காமலும் முடியாது. நல்ல ப்ளூடூத் ஹெட்செட் ஒன்றும், போன் மாட்ட ஸ்டாண்ட் ஒன்றும் வாங்கிவிட்டால் பயமில்லாமல் பேசிக்கொண்டே ஓட்டலாம்தானே? வேறு என்ன கவனிக்க வேண்டும்?"

ஸ்டாண்ட் கட்டாயம் வாங்குங்கள். ஹெட்செட்டும் வாங்கலாம், தப்பில்லை. "பயமில்லாமல் பேசிக்கொண்டே" என்கிற இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை. வண்டி ஓட்டப் பழக்கும் வேலையில் இருப்பதால் இதே கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். ஆபத்து கையில் இருக்கிறது, கை காலியாகிவிட்டால் ஆபத்தும் போய்விடும் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். கையில் இருப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கண்ணிலும் மனதிலும் இருக்கிறது. அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் கண்ணை எடுத்துக்கொள்வோம், அது கணக்குப் போட்டே பார்க்கக்கூடிய விஷயம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். 80 என்றால் 22 மீட்டர், 100 என்றால் 28 மீட்டர். முன்னால் ஒரு குழந்தை குறுக்கே வருகிறது என்று வையுங்கள். அதைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக, முழுக் கவனத்தோடு ஓட்டுகிறவருக்கே ஒன்றரை நொடி ஆகலாம். 60 வேகத்தில் அதற்குள் 25 மீட்டர் போய்விடுகிறது. அப்புறம் பிரேக் பிடித்து, காய்ந்த நல்ல சாலையில் வண்டி நிற்க இன்னொரு 20 மீட்டர். ஆக, கண் சாலையிலேயே இருந்தாலும் 45 மீட்டர் வேண்டும். இதோடு "யாரிடமிருந்து மெசேஜ்?" என்று இரண்டே நொடி கீழே பார்த்ததையும் சேருங்கள். கூடுதலாக 33 மீட்டர். அந்தக் குழந்தை 60 மீட்டர் தள்ளி நின்றிருந்தால், பார்க்காதவருக்கு நேரம் இருந்திருக்கும், பார்த்தவருக்கு இருந்திருக்காது.

இந்த இரண்டு நொடியை நான் சும்மா எடுக்கவில்லை. சாதாரண மக்கள் ஓட்டும் நூறு கார்களில் கேமரா பொருத்தி அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது; 2006 இல் முடிவு வெளியானது. சாலையிலிருந்து கண் இரண்டு நொடிக்கு மேல் விலகும்போது விபத்தோ, மயிரிழையில் தப்புவதோ நடக்கும் வாய்ப்பு இரண்டு மடங்காவதாக அதில் தெரிந்தது. மெசேஜ் டைப் செய்வது இதைவிடப் பல மடங்கு மோசம். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து ஆய்வு நிலையம் கனரக லாரி ஓட்டுநர்களைக் கேமரா வைத்துக் கவனித்து 2009 இல் சொன்னது: மெசேஜ் அனுப்பும்போது ஆபத்து 23 மடங்கு. ஆபத்து நேர்ந்த ஆறு நொடி இடைவெளியில் 4.6 நொடி அவர்கள் கண் போனில்தான் இருந்தது. மணிக்கு 90 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் அந்த 4.6 நொடி என்பது 110 மீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் சாலையைப் பார்க்காத பயணம்.

நம்பிக்கை வரவில்லை என்றால் ஒரு சோதனை இருக்கிறது. வேறு யாராவது ஓட்ட, நீங்கள் பக்கத்துச் சீட்டில் இருக்கும்போது மட்டும் செய்து பாருங்கள். வண்டி நல்ல வேகத்தில் போகையில் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக ஐந்து எண்ணுங்கள். மூன்றைத் தாண்டும்போதே திறந்துவிடலாமா என்று தோன்றும். கால் தானாகத் தரையை அழுத்தும். பழகுநர்களிடம் இதைச் செய்யச் சொல்வேன். ஸ்டியரிங் தன் கையில் இல்லாதபோதே இவ்வளவு பதறுகிறது என்பது அவர்களுக்கு அங்கேயே விளங்கிவிடும்.

இப்போது ஒரு கால் வருவதைக் கிட்ட நின்று பாருங்கள். மணி அடித்ததும் முதலில் கண் திரைக்குப் போகிறது. பெயர் தெரிகிறது. மேலதிகாரி. "அந்த பில் விஷயமாகத்தான் இருக்கும்" என்று மனம் ஓட ஆரம்பித்துவிட்டது. விரல் நீள்கிறது. பச்சைப் பொத்தானைத் தட்டினால் போதாது, இழுக்க வேண்டும். இழுக்கும் நேரத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்க, விரல் நழுவுகிறது. மறுபடி முயற்சி. கை நீண்ட பக்கமாக உடம்பு லேசாகச் சாய, ஸ்டியரிங்கும் அந்தப் பக்கமே அரை சாண் நகர்கிறது. இத்தனையும் "ஹலோ" சொல்வதற்கு முன்னால். காதில் ஹெட்செட் இருந்து, ஒரு தட்டில் எடுக்க முடிந்தால் இதில் பெரும்பகுதி இல்லாமல் போகும். ஹெட்செட்டால் வரும் லாபம் நிஜமான லாபம்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது "ஹலோ"வோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடப்பதை எந்த ஹெட்செட்டும் மாற்றாது.

கனடாவின் டொராண்டோ நகரில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் கணக்கை எடுத்து, விபத்து நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1997 இல் வந்த அந்த ஆய்வின்படி, போனில் பேசும் நேரத்தில் விபத்து வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காமல் பேசும் போன் வைத்திருந்தவர்களுக்குத் தனியாக எந்தப் பாதுகாப்பும் தென்படவில்லை. சரி, அது பழைய காலத்துப் போன் என்று தள்ளலாம் என்றால், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து வேறு குழு நடத்திய ஆய்வு 2005 இல் வந்தது. அதிலும் நான்கு மடங்கு. அதிலும் கையில் பிடித்தவர், பிடிக்காதவர் என்ற வித்தியாசம் இல்லை.

காரணம் என்ன? யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயரும் உடனிருந்தவர்களும் 2003 இல் வெளியிட்ட பரிசோதனையில் அது வெளிப்பட்டது. வண்டி ஓட்டுவது போன்ற பாவனை இயந்திரத்தில் ஆட்களை உட்காரவைத்து, அவர்கள் கண் எங்கே போகிறது என்பதைக் கருவியால் பதிவு செய்தார்கள். சாலையோர விளம்பரப் பலகைகளை எல்லாரும் நேராகப் பார்த்தார்கள். பிறகு "எதையெல்லாம் பார்த்தீர்கள்?" என்று சோதித்தபோது, கையில் பிடிக்காத போனில் பேசிக்கொண்டு ஓட்டியவர்களுக்கு, பேசாமல் ஓட்டியவர்களைவிட மிகக் குறைவான பலகைகளே அடையாளம் தெரிந்தன. அதாவது கண் பார்த்தது, மூளை வாங்கிக்கொள்ளவில்லை. பலகை இருந்த இடத்தில் குறுக்கே வரும் சைக்கிளை வைத்துப் பாருங்கள். "நான் நேராத்தான் பார்த்துட்டிருந்தேன், எங்கிருந்து வந்தான்னே தெரியலை" என்று விபத்துக்குப் பின் சொல்பவர்கள் பலர் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரிந்திருக்காது.

அதே குழு 2006 இல், போனில் பேசுகிறவர்களையும் சட்ட வரம்பு அளவுக்கு மது குடித்தவர்களையும் ஒரே பரிசோதனையில் ஒப்பிட்டது. தடுமாறும் விதம் வேறு. குடித்தவர் முன் வண்டியை ஒட்டி முரட்டுத்தனமாக ஓட்டுகிறார். பேசுகிறவர் தாமதமாகப் பிரேக் பிடிக்கிறார். ஆனால் பாதிப்பின் அளவு ஒன்றுக்கொன்று சளைத்ததாக இல்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008 இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வில் பேசக்கூட இல்லை. பாவனைச் சாலையில் ஓட்டிக்கொண்டே, காதில் விழும் வாக்கியங்கள் சரியா தவறா என்று கவனித்தால் போதும். அப்போதே, ஓட்டுவதோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கம் 37 சதவீதம் குறைந்தது.

இங்கே எல்லாரும் கேட்கும் எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. "பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசலாம், போனில் பேசக்கூடாதா?" நியாயமான கேள்வி. பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சாலை தெரிகிறது. நெரிசலான சந்திப்பு வந்தால் அவர் பேச்சைத் தானாக நிறுத்துவார், இல்லையென்றால் "பார்த்து, பஸ் திரும்புது" என்பார். நீங்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாலும் ஏன் என்று அவருக்குத் தெரியும். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. நீங்கள் வளைவில் இருக்கிறீர்களா, லாரியை முந்துகிறீர்களா என்று தெரியாமல் "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். நீங்களும் மரியாதைக்காகப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். இந்த வித்தியாசத்தையும் யூட்டா குழு 2008 இல் சோதித்தது. உடன் பயணித்தவர்கள் பேச்சைச் சாலைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், ஓட்டுநருக்கு உதவவும் செய்தார்கள். சண்டை போடும் பயணி இந்தக் கணக்கில் வர மாட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பேச்சிலும் எல்லாம் ஒன்றல்ல. "வந்துட்டேன், கீழே வா" என்பது வேறு. பணக் கணக்கு, வழி சொல்வது, வாக்குவாதம், கெட்ட செய்தி எல்லாம் வேறு. வழி சொல்வதை ஏன் சேர்த்தேன் என்றால், "அந்த வளைவில் இடது பக்கம் திரும்பி, மூணாவது வீடு" என்று சொல்லும்போது நீங்கள் மனதுக்குள் அந்தத் தெருவைப் பார்க்கிறீர்கள். எதிரில் இருக்கும் தெருவைப் பார்க்க வேண்டிய அதே திறமையை இரவல் எடுத்துத்தான் அதைப் பார்க்கிறீர்கள். வண்டி ஓட்டும்போது யாருக்கும் வழி சொல்லாதீர்கள். நின்று சொல்லுங்கள்.

"இத்தனை வருஷமா பேசிக்கிட்டேதான் ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலையே" என்பது நான் அதிகம் கேட்கும் வாதம். இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை, அது அவர்களுடைய நேர்மையான அனுபவம். ஆனால் அந்த அனுபவத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. நீங்கள் பேச்சில் இருந்தபோது கவனிக்காமல் விட்டவற்றை, கவனிக்காததால்தானே அறியவில்லை? லேசாகத் தடம் மாறியபோது பின்னால் வந்தவர் வேகத்தைக் குறைத்திருப்பார். சாலையைக் கடக்க வந்த முதியவர் ஓர் அடி பின்வாங்கியிருப்பார். உங்கள் பிழையை ஒவ்வொரு முறையும் வேறு யாரோ சரிசெய்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே நொடியில் போனில் இருக்கும் நாளில் சரிசெய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

2010 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கிரே சம்மிட் என்ற ஊருக்கு அருகே நடந்தது இப்படித்தான் சங்கிலியாக நீண்டது. சாலைப் பணியால் வேகம் குறைந்திருந்த லாரியின் பின்னால் ஒரு பிக்கப் வண்டி மோதியது. அதன்மேல் ஒரு பள்ளிப் பேருந்து, அதன்மேல் இன்னொரு பள்ளிப் பேருந்து. இரண்டு பேர் இறந்தார்கள், 38 பேர் காயமடைந்தார்கள். பிக்கப் ஓட்டிய 19 வயது இளைஞர், மோதுவதற்கு முந்தைய 11 நிமிடங்களில் 11 மெசேஜ்கள் அனுப்பியும் பெற்றும் இருந்தார். இதை விசாரித்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2011 டிசம்பரில், அவசரத் தேவை தவிர ஓட்டுநர்கள் கையடக்கக் கருவிகளைப் பயன்படுத்துவதையே எல்லா மாநிலங்களும் தடை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. கையில் பிடிக்காமல் பேசுவதற்கும் அது விலக்குக் கேட்கவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். என் அனுபவத்தில் வேலை செய்கிற ஒரே வழி, போன் சம்பந்தமான முடிவுகளையெல்லாம் வண்டி நகர்வதற்கு முன்னால் எடுத்துவிடுவது. மணி அடித்த பிறகு "எடுக்கலாமா, வேண்டாமா" என்று யோசித்தால் எடுக்கத்தான் செய்வோம். அந்த யோசனையே ஒரு கவனச்சிதறல்.

அதனால் மணியே அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபோனில் 2017 இலிருந்தே ஓட்டும் நேரத்துக்கான தொந்தரவு தடுப்பு வசதி இருக்கிறது. இப்போது டிரைவிங் ஃபோகஸ் என்ற பெயரில் வருகிறது. வண்டி ஓடுவதைத் தானே உணர்ந்து, அறிவிப்புகளை அடக்கிவைக்கும். மெசேஜ் அனுப்பியவருக்கு "வண்டி ஓட்டுகிறேன், இறங்கியதும் பதில் சொல்கிறேன்" என்று தானாகப் பதில் போகும். அந்த வாசகத்தை நீங்களே எழுதிவைக்கலாம். மறுமுனையில் இருப்பவருக்கு நிஜமாகவே அவசரம் என்றால் அதைத் தெரிவிக்க வழி இருக்கிறது, ஒரே எண்ணிலிருந்து அடுத்தடுத்து இரண்டாம் முறை வரும் காலை மட்டும் அனுமதிக்கவும் வைக்கலாம். ஒன்றைக் கவனியுங்கள்: காரின் ப்ளூடூத்தோடு இணைந்திருந்தால் கால்களை வழக்கம்போல் விடும்படி அதில் அமைக்கலாம். உங்கள் போனில் அது எப்படி இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். அமைப்புகளில் போய் டிரைவிங் என்று தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் சாதாரண தொந்தரவு தடுப்பையே போட்டு, வீட்டு எண்கள் இரண்டுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள்.

அப்படியும் ஒரு கால் வந்து, எடுத்தே ஆக வேண்டும் என்றால், ஹெட்செட்டில் ஒரு தட்டு, "ஓட்டிட்டிருக்கேன், நிறுத்திட்டுக் கூப்பிடுறேன்", துண்டிப்பு. ஹெட்செட்டை நான் வாங்கச் சொல்வது இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். "என்ன விஷயம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் சொல்லுவார்கள்.

குரலால் இயக்கும் உதவியாளர்கள் இருக்கிறார்களே என்றால், கண்ணையும் கையையும் அவை மிச்சப்படுத்துகின்றன, மனதை மிச்சப்படுத்துவதில்லை. தவறாகப் புரிந்துகொண்டு வேறு யாருக்கோ டயல் செய்யும்போது நம் கவனம் முழுக்க அதனோடு போராடப் போய்விடும். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் பாதுகாப்பு அறக்கட்டளை 2015 இல் வெளியிட்ட ஆய்வில், சில குரல் அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 நொடிகள் வரை கவனம் முழுதாகத் திரும்பவில்லை என்று தெரிந்தது. 40 வேகத்தில்கூட அது 300 மீட்டர்.

சிக்னலில் போன் பார்க்கும் பழக்கத்துக்கும் இதுதான் பதில். "வண்டிதான் நிற்கிறதே" என்று தோன்றும். பச்சை விழுந்ததும் பின்னால் ஹாரன் அடிப்பார்கள். திடுக்கிட்டு, இரண்டு பக்கமும் பார்க்காமல் கிளட்சை விடுவீர்கள். கடைசி நேரத்தில் ஓடிக் கடக்கும் பாதசாரியும், சிவப்பைத் தாண்டி வருகிற குறுக்கு வண்டியும் அந்த முதல் சில நொடிகளில்தான் இருப்பார்கள். உங்கள் மனம் அப்போதும் பாதி படித்த மெசேஜில் இருக்கும்.

மேப் விஷயத்தில் நான் அவ்வளவு கடுமையாக இல்லை. தெரியாத ஊரில் பெயர்ப்பலகை தேடிக்கொண்டே ஊர்வதைவிட, குரல் வழிகாட்டி சொல்வதைக் கேட்டு ஓட்டுவது நல்லது. ஆனால் சேருமிடத்தை நின்றிருக்கும்போதே போட்டுவிடுங்கள். முழு வழியையும் ஒருமுறை விரித்துப் பார்த்து, பெரிய திருப்பங்கள் இரண்டு மூன்றை மனதில் வைத்துக்கொண்டால் திரையைப் பார்க்கும் அவசியம் வெகுவாகக் குறையும். ஒலியை நன்றாக வையுங்கள். சிக்னல் கிடைக்காத இடம் என்றால் அந்தப் பகுதியின் மேப்பை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். திருப்பத்தைத் தவறவிட்டால் தவறவிட்டதுதான். சடாரென்று ஒடிக்கவோ, ரிவர்ஸ் எடுக்கவோ வேண்டாம், நேராகப் போனால் அதுவே புது வழி போட்டுத் தரும். வழியில் சேருமிடத்தை மாற்ற வேண்டுமென்றால் நின்று மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் கையில் போனைக் கொடுத்துவிடுங்கள்.

ஸ்டாண்ட் மாட்டும் இடம் முக்கியம். கண்ணாடியின் நடுவில் ஒட்டினால் அது மறைக்கும் சிறு இடத்தில் ஒரு பைக் முழுதாக ஒளிந்துகொள்ளும். டேஷ்போர்டின் மேல் விளிம்பை ஒட்டி, கண்ணைத் தாழ்த்தாமல் பார்க்கும் உயரத்தில், ஆனால் சாலையை மறைக்காமல் வையுங்கள். ஏசி காற்று வரும் இடத்தில் மாட்டும் வகை பெரும்பாலான கார்களுக்குச் சரியாக வரும். வெயிலில் போன் சூடாகித் திரை மங்குவதையும் அது தடுக்கும். ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடியின் மேலோ, அதற்கு நேர் எதிரிலோ மட்டும் எதையும் மாட்டக்கூடாது. ஏர்பேக் வெடித்து விரியும் வேகத்தில் அந்தப் போன் முகத்துக்குத்தான் வரும். சார்ஜர் ஒயர் ஸ்டியரிங்கிலும் கியரிலும் சிக்காமல் ஓரமாகப் போகட்டும்.

மடியிலோ பக்கத்துச் சீட்டிலோ போனை வைப்பதைப் பலரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். பிரேக் அழுத்தியதும் அது வழுக்கிக் கீழே விழும். விழுந்ததைக் குனிந்து தேடும் கை, ஸ்டியரிங்கைத் தன்னோடு இழுக்கும். இன்னும் மோசம், போன் உருண்டு பிரேக் பெடலுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொள்வது. விழுந்தால் விடுங்கள். வண்டியை நிறுத்தும் வரை அது அங்கேயே கிடக்கட்டும்.

நிறுத்துவது என்றேன். அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். போனை எடுப்பதற்காகச் சட்டென்று சாலையோரம் ஒதுங்கி, வண்டியின் பாதி உடம்பைத் தார்ச்சாலையில் விட்டு நிற்பவர்கள் தங்களுக்கும் பின்னால் வருபவர்களுக்கும் புது ஆபத்தை உண்டாக்குகிறார்கள். வேகச்சாலையின் ஓரம் பழுதான வண்டிகளுக்கானது, பேசுவதற்கானது இல்லை. வளைவு, பாலம், மேட்டின் மறுபுறம், சந்திப்பின் அருகு இங்கெல்லாம் நிற்காதீர்கள். பெட்ரோல் நிலையமோ, வாகன நிறுத்தமோ, அகலமான உள்தெருவோ வரும் வரை ஐந்து பத்து நிமிடம் பொறுத்தால் போதும். அந்த நேரத்தில் கெட்டுப்போகிற விஷயங்கள் மிகக் குறைவு.

பைக்குக்குத் தனியாகச் சில வார்த்தை. ஹெல்மெட்டுக்கும் கன்னத்துக்கும் இடையில் போனைச் செருகிக்கொண்டு பேசுவதும், தோளில் தலையைச் சாய்த்துப் போனை இடுக்கிக்கொள்வதும் ஒருபோதும் வேண்டாம். தலை சாய்ந்தால் பார்வையின் ஒரு பக்கம் போய்விடுகிறது, கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது, பின்னால் வருபவரைப் பார்க்கவே முடியாது. செருகிய போன் ஹெல்மெட்டைத் தலையில் சரியாக உட்கார விடாது. காரில் ஒரு நொடிக் கவனக்குறைவுக்குத் தகரம் கொஞ்சம் விலை கொடுக்கும். பைக்கில் உடம்புதான் கொடுக்க வேண்டும். காதடைக்கும் இயர்போனும் பைக்கில் கெடுதல்தான், ஹாரனும் பின்னால் நெருங்கும் லாரிச் சத்தமும் கேட்காது. வழி கேட்க வேண்டுமென்றால் காதை அடைக்காத ஹெல்மெட் ஸ்பீக்கர் பரவாயில்லை. ஹேண்டில்பாரில் போனை மாட்டுபவர்களுக்கு இன்னொரு தகவல்: என்ஜினின் அதிர்வு போன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகங்களைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வைத் தாங்கும் வகை ஸ்டாண்ட் வாங்குங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டன் 2003 இல் கையில் பிடித்துப் பேசுவதைத் தடை செய்தது. 2022 மார்ச்சிலிருந்து படம் எடுப்பது, பாட்டு மாற்றுவது, திரையை உருட்டுவது என எதற்காகக் கையில் எடுத்தாலும் குற்றம், சிக்னலில் நிற்கும்போதும்தான். இந்தியாவில் 2020 இல் திருத்திய விதிகள், கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் ஓட்டும் கவனம் கலையாதபடி அனுமதிக்கின்றன. கையில் பிடிக்காமல் பேசுவதைப் பல நாடுகளின் சட்டம் தண்டிப்பதில்லை. அதைப் பாதுகாப்புச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காவலர் கண்ணால் பார்த்து நிரூபிக்கக்கூடியதைத்தான் சட்டம் பிடிக்க முடியும். மனம் எங்கே இருந்தது என்று யாரும் பார்க்க முடியாது.

உண்மையான அவசரம் என்று சில உண்டு. கண்ணெதிரே விபத்து, காரில் இருப்பவருக்கு மூச்சுத்திணறல் என்றால் நிறுத்திவிட்டு அவசர எண்ணை அழையுங்கள். நிறுத்துவதே ஆபத்தான இடம் என்றால், ஓட்டிக்கொண்டே அவசர எண்ணை அழைப்பதைப் பிரிட்டன் சட்டம் அனுமதிக்கிறது. மருத்துவமனையிலிருந்து எந்த நேரமும் தகவல் வரலாம் என்று காத்திருக்கும் நாளில் நீங்கள் ஓட்டாமல் இருப்பதே நல்லது. அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு கை நடுங்காமல் ஸ்டியரிங் பிடிக்க யாராலும் முடியாது.

இதில் மறுமுனையில் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. யாருக்காவது போன் செய்து, பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்டால், "ஓட்டுறீங்களா? அப்புறம் பேசுறேன்" என்று நீங்களே வைத்துவிடுங்கள். வீட்டில் கிளம்பியவரை "எங்கே இருக்கே?" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவது அக்கறையால்தான், எனக்கும் அது புரிகிறது. அதற்குப் போனில் இருப்பிடத்தைப் பகிரும் வசதியைக் கிளம்பும்போதே போட்டுவிட்டால், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கூப்பிட மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் வேலை. எடுக்காமல் இருக்க முடியாது என்கிறீர்கள். மேலதிகாரியிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு இடங்களுக்கு நடுவில் நீங்கள் ஓட்டும் நேரம் எவ்வளவு என்று அவருக்குத் தெரியட்டும். ஒவ்வோர் இடத்திலும் இறங்கியதும், மறுபடி கிளம்புவதற்கு முன்பும் வந்த கால்கள் எல்லாவற்றுக்கும் திருப்பிப் பேசிவிடுவேன் என்று உறுதி சொல்லுங்கள், சொன்னபடி செய்யுங்கள். நீண்ட பயணம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று பார்ப்பதாகச் சொல்லலாம், உடம்புக்கும் அந்த இடைவெளி வேண்டும். வாடிக்கையாளர்களுக்குத் தானாகப் போகும் பதிலில் வெறுமனே "ஓட்டுகிறேன்" என்று போடாமல், எத்தனை மணிக்குள் திருப்பி அழைப்பீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். சொன்ன நேரத்துக்குள் கூப்பிட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. ஒரு வாரம் செய்து பாருங்கள். அதற்கப்புறமும் அலுவலகத்தில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எழுதுங்கள், அதை எப்படி எடுத்துச் சொல்லலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.